ராஜாத்தியின் மத்தியானங்கள்

போன மாதம் ஒரு நாள், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை என்னைத் தேடி மட்டாஞ்சேரிக்கு வந்தார். பெயர் அனுபமா. என் மகள் வயதுதான் இருக்கும். சாயா குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். நடுவில் ஓர் ஆள் நிற்கிறார். அவரைச் சுற்றி வட்டத்துக்கு வெளியே வட்டமாகப் போகிறது. உடம்பு, மனசு, கூட இருப்பவர்கள், வீடு, வேலை, தெரு, நம்பிக்கை என்று ஒவ்வொரு வட்டத்திலும் எழுதியிருந்தது. நோயாளியை வார்டில் சேர்க்கும்போது நோயை மட்டும் பார்க்காமல் இவை எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இப்போதைய பாடம். முழு மனிதரையும் பார்க்கும் மதிப்பீட்டு மாதிரி என்கிறார்கள்.

“பிள்ளைங்க இதைப் பரீட்சைக்கு நல்லாப் படிக்கறாங்க சேச்சி. வார்டுக்கு வந்தா பிரஷரும் ஷுகரும் எழுதி முடிச்சிடறாங்க. நேரமில்லைங்கறாங்க. அதுவும் உண்மைதான். நீங்க வந்து ஒரு கேஸ் சொன்னா அவங்களுக்குப் பிடிபடும்” என்றார்.

போய்ச் சொன்னேன். வகுப்பில் மலையாளத்தில்தான் பேசினேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு குறை. நான் சொன்ன சம்பவத்தில் முக்கியமான பேச்செல்லாம் தமிழில் நடந்தது. ஒரு பெண் தமிழில் சொன்னதை மலையாளத்தில் மாற்றிச் சொன்னபோது தண்ணீர் விட்ட மோர் மாதிரி ஆகிவிட்டது. அதனால் இங்கே தமிழில் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்ததில்லை. அம்மா வாங்கும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்து வந்த தமிழ் இது.

என் அப்பா மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் தையல்காரர். அவருடைய அப்பா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்துவிட்டார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், நர்ஸிங் படிப்பில் இங்கிலீஷ். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், ஊசிக்கு நரம்பு தேடவும், இறந்துபோனவரைத் துடைத்து அனுப்பவும் கற்றுக்கொண்டேன். நோயாளி வந்ததும் நிரப்புகிற தாளின் கடைசியில் ‘சமூக விவரம்’ என்று ஒரு வரி இருக்கும். ‘கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள்’ என்று எழுதுவோம். அந்த வரிக்கு அதற்குமேல் ஒரு வேலை உண்டு என்று ஏலியாம்மா சிஸ்டர் வரும்வரை எனக்குத் தெரியாது.

பெண்கள் சர்ஜரி வார்டுக்கு அவர் ஹெட் நர்ஸாக வந்தபோது நான் அங்கே பல வருஷப் பழையவள். அவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கோட்டயத்துக்காரர். நடுவில் லீவு எடுத்து மேல்படிப்புப் படித்துவிட்டு வந்திருந்தார். அனுபமா காட்டிய படத்தின் முந்தைய வடிவத்தை அவர் அங்கே படித்திருக்கிறார். ஆனால் படத்தைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டவில்லை. வகுப்பும் எடுக்கவில்லை. புது நோயாளி வந்தால் “கோமதி, வா” என்று கூப்பிட்டுக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

அவர் செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். முதலில் கை கழுவுவார். நன்றாகத் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு ஸ்டூலை இழுத்து, நோயாளியின் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்காருவார். கட்டிலில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. “அது அவங்க இடம். இங்கே அவங்களுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்” என்பார். நாடி பார்த்தபடியே பேச்சைத் தொடங்குவார். நாடி எண்ணி முடித்த பிறகும் கை விடுபடாது. நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது பேனாவைத் தொடமாட்டார். எழுந்து வந்து, மேஜையில் உட்கார்ந்து, நினைவிலிருந்து எழுதுவார்.

கேள்வியும் வேறு மாதிரி இருக்கும். வீட்டில் யார் யார் என்று கேட்கமாட்டார். “நாளைக்கு வீட்டுக்குப் போனா முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்பார். அடுப்புப் பற்றவைப்பேன் என்பாள் ஒருத்தி. மாடிப்படி ஏறவேண்டும், நினைத்தாலே மூச்சு வாங்குகிறது என்பாள் இன்னொருத்தி. மருமகளிடம் சாவி வாங்கவேண்டும் என்று ஒருத்தி சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீடு, வேலை, உறவு எல்லாம் அந்தப் பதிலோடு கூடவே வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமை. நாங்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடும்போது யாராவது ஒரு நோயாளியின் குடும்பக் கதையை எடுத்தால் அவர் முகம் மாறிவிடும். “கேட்டா அதுக்கு ஏதாவது செய்யணும். செய்ய ஒண்ணும் இல்லைன்னா கேட்கக் கூடாது. அது வேவு பார்க்கிற வேலை” என்பார்.

கும்பளங்கியிலிருந்து காலில் புண்ணோடு ஒரு மீன்காரம்மா வந்திருந்தார். இதயக் கோளாறினால் கால் வீங்கி, வீக்கம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். தினமும் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்தார், வீக்கமோ வடியவில்லை. ஏலியாம்மா சிஸ்டர் அவருடைய காலை நேரத்தைப் பற்றி மட்டும் கேட்டார். கூடையோடு பஸ் ஏறி, மத்தியானம்வரை சந்தையில் உட்காரவேண்டும்.

“அங்கே கக்கூஸ் உண்டா?” என்று கேட்டார் சிஸ்டர்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். அதோடு உண்மையும் வந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் அடிக்கடி எழுந்து போகவேண்டும், போக இடமில்லை. அதனால் சந்தைக்குப் போகிற நாளில் மாத்திரை கிடையாது. சந்தைக்குப் போகாத நாள் ஞாயிறு மட்டும். சிஸ்டர் டாக்டரிடம் பேசி, வீட்டுக்குத் திரும்பிய பிறகு சாப்பிடும்படி நேரத்தை மாற்றினார். கால் வடிந்தது. எனக்கு அந்தப் பாடம் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

ராஜாத்தி வந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து, ஒரு மழைக்காலத்தில்.

நாற்பது வயதுக்குள் இருப்பாள். ஊர் ஆண்டிப்பட்டிப் பக்கம். மட்டாஞ்சேரியில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரலிடுக்கு வெடித்திருக்கிறது. உடம்பில் சர்க்கரை இருந்தது அவளுக்கே தெரியாது. வலது பாதம் கறுத்துச் சீழ் பிடித்த பிறகு, ஓட்டல்காரர்கள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். ஆபரேஷன் தியேட்டரில் சுத்தம் செய்து வார்டுக்கு அனுப்பினார்கள். கால் தரையில் படக்கூடாது, வேளை தவறாமல் நரம்பு வழியாக மருந்து ஏறவேண்டும் என்பது சர்ஜனின் உத்தரவு.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு கூட இருப்பவரைப் பைஸ்டாண்டர் என்போம். அவருக்கு ஒரு பாஸ் கொடுப்போம். கஞ்சி வாங்கி வருவது, மருந்து வாங்குவது, கழிப்பறைக்குக் கைபிடித்து நடத்துவது எல்லாம் அவர்தான். ராஜாத்தியின் பாஸ் யாரும் வாங்காமல் மேஜையிலேயே கிடந்தது.

“ஆளில்லக்கா. வீட்டுக்காரரு ஊர்ல இருக்காரு” என்றாள். வார்டில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அதனால் என்னிடம்தான் எல்லாம் சொல்வாள். எல்லாம் என்றால் அந்த ஒரு பதில்தான்.

மத்தியானம் பார்வையாளர்கள் வரும் நேரம் வந்தால் அவள் கட்டில் காலியாகிவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சோற்றையும் காணாது, ஆளையும் காணாது. கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விடுவாள். சாயங்காலம் திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோலப் படுத்துக்கொள்வாள். கையிலிருந்த ஊசியைத் துணியால் சுற்றி மறைத்துக்கொண்டு போயிருப்பாள். மத்தியான மருந்து தவறிவிடும். கட்டை அவிழ்த்தால் சேறும் ஈரமுமாக இருக்கும். உப்புநீரில் நனைத்த துணியால் புண்ணை ஒற்றி ஒற்றி மண்ணை எடுப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பாள். ஒரு சத்தம் வராது.

“எங்கே போறே ராஜாத்தி? கால் போயிடும்” என்பேன்.

“இனிமே போகமாட்டேங்க்கா.”

மறுநாளும் போவாள்.

வார்டில் தலைக்கொன்றாகப் பேச்சு கிளம்பியது. யாரையோ பார்க்கப் போகிறாள் என்றார்கள். ஓட்டலில் கூலி போய்விடும் என்று வேலைக்குப் போகிறாள் என்றார்கள். இந்தக் காலோடு இப்படி நடந்தால் புண் எப்படி ஆறும் என்று சர்ஜனுக்குச் சங்கடம். கோபக்காரரில்லை அவர். ஆனாலும் ஒரு காலை ரவுண்ட்ஸில் ஏலியாம்மா சிஸ்டரிடம் சொன்னார்: “நான் ஒரு பக்கம் காலைக் காப்பாத்தப் பார்க்கறேன். இவங்க நடந்து நடந்து கெடுக்கறாங்க. ஒரு விரல் ஏற்கெனவே போச்சு. வெளியே கட்டிலுக்கு ஆள் காத்திருக்கு. இன்னொரு தடவை போனா பேரை வெட்டி அனுப்பிடுங்க சிஸ்டர்.”

ரவுண்ட்ஸ் முடிந்ததும் சிஸ்டர் கை கழுவினார். “கோமதி, வா” என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்து ராஜாத்தியின் கையைப் பிடித்தார். அவர் மலையாளத்தில் கேட்க, நான் தமிழில் சொன்னேன். முதலில் வலியைப் பற்றி. பிறகு சாப்பாட்டைப் பற்றி. பிறகு அந்தக் கேள்வி.

“நாளைக்கு வீட்டுக்குப் போனா முதல்ல என்ன செய்வே?”

ராஜாத்தி யோசிக்கவே இல்லை. “பூட்டைத் தெறப்பேன்.”

“அப்புறம்?”

“சோறு போடுவேன்.”

“யாருக்கு?”

அவள் கண் என் பக்கம் வந்து, ஜன்னலுக்குப் போயிற்று. “பூனைக்கு” என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். சிஸ்டர் தலையை ஆட்டினார். அவள் கையை மெதுவாகப் போர்வைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. மேஜைக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “இந்தக் காலோடு யாரும் பூனைக்காக நடக்கமாட்டாங்க. உள்ளே ஒரு ஆள் இருக்கு. நீ போய் அவகிட்ட இரு. உன் பாஷையில பேசு. எதுவும் கேட்காதே. மத்தியானம் அவ போகப் பார்க்கிறப்போ, ‘உனக்குப் பதிலா நாங்க போறோம்’னு மட்டும் சொல்லு.”

அப்படியே செய்தேன். ஊசி மருந்து ஏறுவதைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவின் தையல் கடையைப் பற்றி, எங்கள் வீட்டில் ஒழுகும் ஓட்டைப் பற்றி ஏதேதோ பேசினேன். பார்வையாளர் நேரம் வந்தது. சோற்றுப் பொட்டலத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவள் காலைக் கீழே இறக்கினாள்.

“ராஜாத்தி, நீ படு. உனக்குப் பதிலா நான் போறேன். சோத்தைக் கொடுத்துட்டு வரேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். அத்தனை நாள் கட்டுப் பிரிக்கும்போது வராத அழுகை.

விஷயம் இதுதான். அவள் கணவர் முருகேசன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகிப் பிழைத்தார். ஆனால் பழைய ஆளாக இல்லை. பேச்சு குறைந்துவிட்டது. திடீரென்று எழுந்து எங்காவது நடந்துவிடுவார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஒருநாள் அப்படிப் போய், தெரியாத ஒரு வீட்டு முற்றத்தில் நின்றிருக்கிறார். பிள்ளை பிடிக்க வந்தவன் என்று நினைத்து ஆட்கள் அடித்துவிட்டார்கள். பேர் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றும் அவர் உள்ளேதான் இருந்தார்.

“சொன்னா அவுகளை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு பயந்தேங்க்கா. மனுசனைப் பூட்டி வச்சியான்னு என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துட்டா, அவுகளுக்கு யாரு சோறு போடுவா?”

இதைச் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து, தானே ராஜாத்தியிடம் போனார். இந்தமுறை என்னை மொழிபெயர்க்கச் சொல்லாமல், தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழைச் சேர்த்துப் பேசினார்: “நீ தப்பு செய்யலை. இத்தனை நாள் அவரைப் பத்திரமா வச்சிருந்தே. இனி நாங்களும் உண்டு. சாவி தா மோளே.”

ஜாக்கெட்டுக்குள் ஊக்கில் கோத்திருந்த சாவியை ராஜாத்தி எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் அவளுடைய மத்தியான மருந்து முழுசாக ஏறிற்று.

நாங்கள் இரண்டுபேரும் ஆட்டோவில் போனோம். சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து. பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்துத் தடுத்து அறைகளாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். கடைசி அறை. வெளியே பூட்டு தொங்கியது. நான் சாவியை எடுத்தேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கதவைத் தட்டினார். பூட்டிய கதவைத் தட்டிய ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அண்ணே” என்று நான் கூப்பிட்டேன். “ஆஸ்பத்திரியிலிருந்து வரோம். ராஜாத்தி அனுப்பிச்சா.”

“சாவி என்கிட்ட இல்ல” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

“எங்ககிட்ட இருக்கு. திறக்கட்டுமா?”

“ம்.”

அறை சுத்தமாக இருந்தது. தண்ணீர்ப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. மூலையில் பலகையால் மூடிய வாளி. சின்னதாக ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள். முகத்தில் தாடி. சிஸ்டர் அவருக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார். சோற்றை விரித்து வைத்தோம். அவர் சாப்பிடுகிற நேரம் முழுக்கச் சிஸ்டரின் கண் அவருடைய உடம்பில் இருந்தது. தலையில் ஆபரேஷன் வடு. தோள்பட்டையில் ஒன்று ஆறி ஒன்று புதிதாகக் கன்றிப்போன அடையாளங்கள். தலையணை உறையில் எச்சிலோடு காய்ந்த இரத்தக் கறை.

“நாக்கை நீட்டச் சொல்லு” என்றார்.

நீட்டினார். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த புண்கள்.

“இவருக்கு இப்பவும் வலிப்பு வருது கோமதி. எழுந்து நடக்கிறார், கூப்பிட்டா கேட்கலைன்னு அவ சொன்னதில்ல? அதுவும் இதோட சேர்ந்ததா இருக்கலாம். டாக்டர் பார்க்கணும்.”

ராஜாத்தியை ஃபோனில் கூப்பிட்டு, வலிப்பு மாத்திரை எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். காலையிலும் ராத்திரியிலும் கொடுக்கச் சொல்லியிருந்தார்களாம். ஆனால் அவள் ராத்திரி மட்டும்தான் கொடுத்துவந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு, மத்தியானம் சோற்றோடு அந்த ஒன்றை வைத்து, ராத்திரி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

“காலையில குடுத்தா தூங்கிருவாருக்கா. தூக்கத்துலயே ஒண்ணுக்குப் போயிருவாரு. நான் வர்ற வரைக்கும் ஈரத்துலயே கெடப்பாரு. வேற எப்படிச் செய்ய?”

கும்பளங்கி அம்மாவுக்கு இருந்த அதே நியாயம் இவளுக்கும் இருந்தது. மாத்திரை சரியானதுதான். அதை விழுங்குகிறவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

கதவு திறந்து கிடந்தும் முருகேசன் வாசலைத் தாண்டவில்லை. “ராஜாத்தி திட்டும்” என்றார். ஃபோனை அவர் காதில் வைத்தேன். “வாங்க. அக்கா கூட வாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய சேலையையும் ஜாக்கெட்டையும் எடுத்து, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அதுக்கு மாத்துத் துணி” என்றார்.

சந்து முனையில் ஒரு சாயாக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார். அஷ்ரப் இக்கா, அதாவது அஷ்ரப் அண்ணன், என்பார்கள். “எங்கே கொண்டுபோறீங்க சிஸ்டர்?” என்று கேட்டார். அவருக்கு முருகேசனைத் தெரிந்திருந்தது. ஒருநாள் முருகேசன் ஜன்னல் கம்பி வழியாக அவரிடம் சாயா கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மத்தியானத்தில் ஒரு கிளாஸ் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. “அந்தப் பெண்ணுக்குத் தெரிஞ்சா பயந்து வேற இடத்துக்குப் போயிடும். அதான் ஒண்ணும் சொல்லலை” என்றார். யாருக்கும் தெரியாது என்று ராஜாத்தி நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாமல் ஒரு மனிதர் கூட இருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே முருகேசனை ஆண்கள் மெடிசின் வார்டில் சேர்த்தார்கள். ஏலியாம்மா சிஸ்டர் சர்ஜனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, ராஜாத்தியின் கட்டிலுக்குப் போய் நின்று, “இனி நடக்கமாட்டீங்கதானே?” என்று மட்டும் கேட்டார். மெடிசின் டாக்டருக்கு அவரே ஃபோன் செய்தார். பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்கக்கூடாது. பகலில் தடையில்லை. மேஜையில் கிடந்த பாஸில் சிஸ்டர் முருகேசனின் பெயரை எழுதினார். முருகேசனின் கேஸ் தாளில் பைஸ்டாண்டர் என்ற இடத்தில் ராஜாத்தியின் பெயரை எழுதினார்.

காலை கஞ்சிக்குப் பிறகு மேல்மாடியிலிருந்து அட்டெண்டர் அவரைக் கூட்டிவருவார். ராஜாத்தியின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேசமாட்டார்கள். மருந்து பாட்டில் தீரும் தறுவாயில் அவர் எங்களை நோக்கிக் கையைத் தூக்குவார். ஒருதரம்கூடத் தவறவிடவில்லை.

மாத்திரையை டாக்டர் மெல்ல மெல்ல வேறொன்றுக்கு மாற்றினார். பகல் தூக்கம் குறைந்தது. வலிப்பும் குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு மத்தியானம் அவரைக் காணோம்.

சோற்றுக்காக மேலே போனவரைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் விட்டதாக அட்டெண்டர் சொன்னார். நாங்கள் அவர் வந்ததைப் பார்க்கவில்லை. கழிப்பறை, தியேட்டர் வராந்தா, லிஃப்ட், எங்கும் இல்லை. ராஜாத்தி கட்டிலிலிருந்து இறங்கி, ஆறிக்கொண்டிருந்த காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டாள். “பூட்டியே வச்சிருக்கலாம். அடிச்சிருவாங்கக்கா, திரும்பவும் அடிச்சிருவாங்க” என்று அதையே சொன்னாள். சூப்பிரண்டு மேலே கூப்பிட்டு, யாரைக் கேட்டு இப்படி ஓர் ஏற்பாடு என்று ஏலியாம்மா சிஸ்டரைக் கேட்டார். “நான் பொறுப்பு” என்றார் சிஸ்டர்.

அஷ்ரப் இக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. தேடச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன்.

“இங்கே இருக்காரே. சாயா குடிக்கிறார்” என்றார் அவர்.

ஆட்டோவில் ஓடினோம். கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “ஏண்ணே சொல்லாம வந்தீங்க?” என்று கேட்டேன். வீட்டைப் பார்க்க வந்தேன் என்றார். இத்தனை திருப்பம், இத்தனை வண்டி, எப்படி வந்தார் என்று எனக்குத் திகைப்பு. ஏலியாம்மா சிஸ்டர் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தனக்கும் ஒரு சாயா சொன்னார். பாதி குடித்த பிறகு என்னைப் பார்த்து, “இவர் தொலைஞ்சு போகலை கோமதி. இவருக்கு வழி தெரியுது” என்றார்.

அதிலிருந்து யோசனை வேறு பக்கம் திரும்பியது. அவரை எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அவரால் எதெல்லாம் முடியும் என்று கேட்கத் தொடங்கினோம். சட்டைப் பையில் பெயரும் அஷ்ரப் இக்காவின் நம்பரும் எழுதிய அட்டை வைத்தோம். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் தனியாக நடக்கவிட்டோம். பிறகு எதிர்க்கடை வரை. ராஜாத்தி ஜன்னலருகே ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பாள். அவர் திரும்பி வாசலுக்குள் வரும்வரை மூச்சு விடமாட்டாள்.

அவளுக்கு இரண்டு விரல்கள் போயின. பாதம் நின்றது. பழைய வேலைக்குப் போக முடியாது. சந்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிடங்கில், உட்கார்ந்தபடி சுக்கு சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. அஷ்ரப் இக்கா பேசி வாங்கிக்கொடுத்தார். பகலில் முருகேசன் அவர் கடையில் கிளாஸ் கழுவினார். வீடுகளுக்கு வரும் சுகாதார நர்ஸிடம் நாங்கள் இருவருடைய விவரத்தையும் சொல்லி ஒப்படைத்தோம்.

எல்லாருக்கும் இப்படி முடிந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எத்தனையோ பேர் எங்கள் கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்கள். சிலர் உண்மையைச் சொல்லியும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வட்டங்கள் வரைந்த அந்தப் படம் யாருக்கும் மருந்தாகாது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று சொல்லும், அவ்வளவுதான். முருகேசனுக்குமே வலிப்பு அடியோடு நின்றுவிடவில்லை.

ஆனாலும் ஒரு காலையை நான் மறக்கவில்லை. மழை முடிந்து வெயில் வந்திருந்த சமயம். அன்று எனக்கு வெளிநோயாளிப் பிரிவில் டியூட்டி. வரிசையில் முருகேசன் நின்றிருந்தார். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை. கையில் இரண்டு சீட்டுகள். ஒன்று அவருடையது, மற்றது ராஜாத்தியின் சர்க்கரை மாத்திரைக்கானது.

“யார் கூட வந்தீங்கண்ணே?” என்று கேட்டேன்.

“தனியா” என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. “அதுக்கு வேலை இருக்கு. நான் வாங்கிட்டு வந்துருவேன்னு சொன்னேன்.”

எதேச்சையாக வாசல் பக்கம் பார்த்தேன். வெளியே நிறுத்தியிருந்த ஆட்டோக்களுக்குப் பின்னால், முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ராஜாத்தி நின்றிருந்தாள். நான் பார்த்துவிட்டதைக் கண்டதும் வேகமாகத் தலையை ஆட்டினாள். சொல்லிவிடாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

நான் சொல்லவில்லை. எந்த மாத்திரை எப்போது என்று அவருக்கு விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டி, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, மட்டாஞ்சேரியை நோக்கி நடந்தார். அவர் நல்ல தூரம் போகும்வரை காத்திருந்துவிட்டு, ஆட்டோக்களுக்குப் பின்னாலிருந்து ராஜாத்தி வெளியே வந்தாள். இரண்டு விரல் இல்லாத காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, அவர் திரும்பிப் பார்த்தால் தெரியாத தூரத்தில், அவர் பின்னாலேயே போனாள்.